பனையேறி என்றே எழுதுவோம்



அடக்க ஆராதனைகளில் வாசிக்கப்படும் வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்னாருக்கு மகனாகப் பிறந்தார். இன்ன ஆண்டில் திருமணம். கர்த்தர் ஈந்த பிள்ளைகள் இத்தனை பேர். சபைக் கமிட்டியில் இத்தனை ஆண்டுகள். ஆலயத்துக்கு ஒரு மின்விசிறி, ஓர் ஒலிபெருக்கி, சுற்றுச்சுவரில் ஒரு பகுதி. இன்ன தேதியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்களும் அவர்கள் வசிக்கும் நாடுகளின் பெயர்களும் வரும். இவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதர் விடியுமுன் எழுந்து இருட்டும்வரை என்னதான் செய்தார் என்பது, குறிப்பை முழுவதும் கேட்டவர்களுக்கும் தெரியாது. ஐம்பது ஆண்டு உழைப்புக்கு அரை வாக்கியம் கிடைத்தால் அதுவே அதிகம்.

சென்ற மாதம் நம் சேகரத்தைச் சேர்ந்த ஒரு கிராமச் சபையில், 78 வயதில் மறைந்த ஒரு தகப்பனாரை அடக்கம் செய்தோம். குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர்கள் விரும்பியபடி பெயரை விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் அச்சிட்டுக் கொண்டுவந்த வாழ்க்கைக் குறிப்பில், அவர் விவசாயம் செய்து குடும்பத்தைக் காத்தார் என்று இருந்தது. அவருக்கு நன்செய் நிலம் ஒரு சென்ட்கூட இருந்ததில்லை. தேரியோரத்துச் செம்மணலில் சொந்தமாகச் சில பனைகளும், பாட்டத்துக்கு எடுத்த பனைகளுமே அவருடைய வயல். 13 வயதில் மரம் ஏறத் தொடங்கி 61 வயதில் நிறுத்திய பனையேறி அவர். மூத்த மகனைத் தனியே அழைத்து விசாரித்தேன். "ஐயரே, ஆபீஸ்ல இருந்து ஆளுக வந்திருக்காவ. விவசாயின்னே இருக்கட்டும்" என்றார்.

அவர்கள் எழுதியபடியே அன்று வாசிக்கப்பட்டது. துக்க வீட்டில் ஒரு சொல்லுக்காக வழக்காடுவது எந்த ஆயருக்கும் அழகல்ல. ஆயினும் அந்த ஒரு சொல்லைப் பற்றி இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். நம்முடைய குடும்பங்களில் பாதிக்கு மேல், இரண்டு தலைமுறை பின்னால் போனால், ஒரு பாளை அரிவாளில் போய் நிற்கும். நீங்களும் ஒருநாள் உங்கள் தகப்பனாருக்காக ஒரு குறிப்பு எழுத வேண்டிவரும்.

அவருடைய மகனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கல்லூரி விடுதியில் அவரைப் 'பனையேறி மகன்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தச் சொல் அவர்மேல் வசையாக எறியப்பட்டது. வசையாக விழுந்த சொல்லைத் தகப்பனாரின் பெட்டிமேல் வைக்க எந்த மகனுக்குத்தான் கை வரும்? ஆனாலும் ஒரு காரியத்தை அவரிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். நாசரேத் ஊரார் (பக்கத்திலிருக்கும் நம் நாசரேத்தைச் சொல்லவில்லை, கலிலேயா நாடு நாசரேத்தைச் சொல்கிறேன்) நம் ஆண்டவரை இகழ நினைத்தபோது, தச்சனுக்குப் பிறந்த பிள்ளைதானே இவன் என்றார்கள். அதைச் சுவிசேஷகர்கள் அழித்திருக்கலாம். இல்லாவிட்டால் 'கட்டடத் துறை' என்று கௌரவமாக மாற்றியிருக்கலாம். அவர்கள் அப்படியே விட்டுவைத்தார்கள். யோசேப்பு வாய்திறந்து பேசிய ஒரு வார்த்தைகூட நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. அவர் எப்போது இறந்தார் என்பதும் இல்லை. ஆனால் அவர் தச்சர் என்பது இருக்கிறது. ஊரார் இழிவென்று வீசிய அந்தச் சொல்லால்தான் இன்றைக்கு அவரை நாம் அறிகிறோம்.

இனி, அந்த வேலை என்ன என்பதைச் சொல்லட்டும். நகரத்தில் பிறந்த நம் வாலிபர்கள் பலர் பதநீரைப் பிளாஸ்டிக் குவளையில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

பனையில் பாளை வெளிவரும் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி மாதம் வரை பருவம். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும்; அதன் நுனியை நாள் தவறாமல், காகிதம்போல மெல்லிதாகச் சீவ வேண்டும்; சீவிய முனையில் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஒவ்வொரு மரத்திலும் ஏறியிறங்க வேண்டும். சீவலை ஓரிரு நாள் விட்டுவிட்டால் பாளை காய்ந்து ஊறல் நின்றுபோகும். காலில் தளைநார், மார்பில் தோல், இடுப்பில் அரிவாள்பெட்டி, அடிமரத்தில் சாய்த்து மிதித்தேற ஒரு முருக்குத்தடி. இவ்வளவுதான் கருவிகள். பாதுகாப்புக் கயிறு என்று ஒன்று கிடையாது.

இவர் பருவத்தில் 34 மரங்கள் ஏறினார். நாளுக்கு 68 ஏற்றம். ஒரு மரம் நாற்பது அடி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 2,700 அடிக்கு மேல் ஏறி, அதே அளவு இறங்கியிருக்கிறார். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. மூன்று நாள் முடிவதற்குள் தரையிலிருந்து கொடைக்கானல் உயரத்தை இவர் நெஞ்சாலும் கையாலும் ஏறி முடித்திருப்பார். மறுபடி கீழிருந்து தொடங்குவார். ஒரு பருவத்துக்கு ஐம்பது தடவையாவது. இப்படி 48 பருவங்கள். வாழ்க்கைக் குறிப்பில் இதற்கு நாம் கொடுத்த இடம் 'கடின உழைப்பாளி' என்ற இரண்டு சொற்கள்.

பதநீரை இறக்கியதோடு வேலை முடியாது. அவருடைய மனைவி விடிலியில் காத்திருப்பார். வெயில் ஏறுவதற்குள் வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, காய்ந்த ஓலையையும் உடைமுள்ளையும் அடுப்பில் தள்ளி மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாதபடி ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள். பாகு பதம் வந்த நொடியில் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் கருப்பட்டி இளகும். கொஞ்சம் பிந்தினால் கருகும். அந்தப் பதத்தைக் கணக்கிட அவரிடம் கடிகாரமோ வெப்பமானியோ இல்லை. கொதியின் ஓசையைக் கேட்டே சொல்லிவிடுவார். 48 பருவங்களில் ஏறத்தாழ நாற்பதுக்கு இந்தத் தாயார் புகையில் நின்றிருக்கிறார். கருப்பட்டியைக் கடைக்கு எடுத்துச் சென்றது அவர். கணக்கு எழுதப்பட்டதும் அவர் பெயரில். காய்ச்சியது இந்த அம்மா. உழைத்த ஒரு தகப்பனைப் பற்றிப் பேசும்போது அந்தப் புகையை விட்டுவிட்டுப் பேசினால் அது பாதிக் கதைதான். இன்றைக்கு அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மருத்துவர் வயதைக் காரணம் சொல்கிறார். அவரோ விடிலியைச் சொல்கிறார். இருவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டேன்.

'விவசாயி' என்று எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். உழைப்பு உழைப்புதானே, பெயர் மாறினால் என்ன? என்ன குறையும் என்பதை ஒரு நிகழ்ச்சியால் காட்டுகிறேன். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய தம்பியின் மனைவி. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாலை, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் சொன்னார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரு வரப்புப் பனையினிமித்தம் மனவருத்தம். நம் பக்கத்தில் எல்லையில் நிற்கும் பனை எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஏழு ஆண்டுகள் இருவரும் பேசவில்லை. ஒரே ஆலயத்தில், ஒருவர் வடபுறப் பாயிலும் மற்றவர் தென்புறப் பாயிலும் அமர்ந்து ஆராதித்தார்கள். தம்பி ஒரு வைகாசி மாதத்தில் காய்ச்சல் கண்டு சில நாள்களில் இறந்துபோனார். பருவம் பாதியில் நிற்கிறது. பதினாறு மரங்களில் பாளைகள் சீவப்படாமல் கிடக்கின்றன. மூன்று சின்னப் பிள்ளைகள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே கடனாக நிற்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் விடிலி வாசலில் கலயம் வைக்கும் சத்தம் கேட்டு அந்தப் பெண் கதவைத் திறந்தார். மைத்துனர் நின்றார். பதநீரை இறக்கி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். மாலையிலும் வந்தார். மறுநாளும் வந்தார். ஆடி முடியும்வரை ஒரு நாளும் தவறவில்லை. தம் 34 மரங்களோடு தம்பியின் 16 மரங்களும் சேர்ந்து 50. நாளுக்கு நூறு ஏற்றம். இருட்டில் தொடங்கி இருட்டில் முடித்திருக்கிறார். அந்தப் பருவம் முழுவதும் அவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்காரவில்லை, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. வியாபாரியின் கடன் அடைந்தது. ஆவணியில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியாயிற்று. "என்ட்ட ஒரு வார்த்த பேசல. ஆனா ஒருநாளும் வராம இருக்கல" என்றார் அந்த அம்மா.

பிரியமானவர்களே, இந்த நிகழ்ச்சியை 'விவசாயி' என்ற தலைப்பின்கீழ் எங்கே வைப்பீர்கள்? சீவாத பாளை காய்ந்துபோகும் என்பதும், நாளுக்கு இரண்டு முறை ஏற வேண்டும் என்பதும், 34 மரமே ஒரு ஆளின் உடம்புக்கு முழு வேலை என்பதும் தெரியாதவருக்கு இதில் பெரிதாக ஒன்றும் தோன்றாது. அண்ணன் தம்பி குடும்பத்துக்கு உதவினார் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அவருடைய அன்பு அவர் தொழிலுக்குள்ளேதான் இருந்தது. அவருக்குப் பேசி ஒப்புரவாகத் தெரியவில்லை. சாட்சிக் கூட்டத்தில் எழுந்து நிற்கத் தெரியவில்லை. ஏறத் தெரியும், ஏறினார். தொழிலை மறைத்தபோது, நாம் அறியாமலே அந்த மன்னிப்பையும் சேர்த்து மறைத்துவிட்டோம். சபைக் கமிட்டியில் அவர் இருந்த மூன்று ஆண்டுகள் குறிப்பில் இருந்தன. இந்த மூன்று மாதங்கள் இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகளில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது நடந்ததை நினைத்துப்பாருங்கள். பேதுரு மேல்வீட்டுக்கு வந்ததும் அங்கிருந்த விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த உடைகளை அவருக்குக் காட்டுகிறார்கள். ஆதித்திருச்சபையில் நாம் அறிய நடந்த நினைவுகூரல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அவள் தாராள மனமுள்ளவள் என்று அவர்கள் விளக்கவில்லை. துணியை விரித்துக் காட்டினார்கள். எந்தத் தையல், எந்த அங்கி, யாருக்குத் தைத்தது என்பதில் அவள் முழுவதும் இருந்தாள். நம் ஊர் விதவை ஒருத்தி என்னிடம் காட்டியது பதினாறு மரங்களை. அவற்றில் ஒன்பது இன்னும் நிற்கின்றன. கல்லறைத் தோட்டத்துச் சாலையிலிருந்தே தெரியும்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1841ஆம் ஆண்டில் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயரை நாம் அன்போடு நினைக்கிறோம். அவர் கட்டியெழுப்பி 1880இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்தையும் காட்டி மகிழ்கிறோம். அதே கால்டுவெல் 1849இல் இப்பகுதிப் பனையேறி மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவர்களுடைய உழைப்பை அருகிலிருந்து கண்டவர்தாம். ஆனாலும் அவர்களைப் பற்றிய அவருடைய தீர்ப்புகள் அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் புண்படுத்தின. படித்தவர்கள் எதிர்த்தார்கள். அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. எதிர்த்தது சரியே. ஆனால் அதன்பின் நாம் செய்தது என்ன? பிறர் நம் முன்னோரைத் தவறாக எழுதினார்கள் என்று சினந்தோம். நாம் சரியாக எழுதினோமா? மறைத்துவிட்டோம். நூற்றாண்டு மலர்களைப் புரட்டினால் ஆயர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். பனையேறியின் படம் ஒன்று இருந்தால், அதன் கீழே பெயர் இருக்காது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். 1978இலேயே பனை தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் வாலிபர்கள் அச்செய்தியைக் கைப்பேசிகளில் பெருமையாகப் பகிர்ந்துகொண்டார்கள். சென்னையில் கருப்பட்டிக் காப்பி குடிப்பது இப்போது நாகரிகம். மரத்துக்கு மரியாதை வந்துவிட்டது, கட்டிக்கும் மரியாதை வந்துவிட்டது. ஏறினவரைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

மூத்த மகன் என்னிடம் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "ஐயாவே எங்கள ஏற விடலியே. அவருக்கே பிடிக்காத வேலய நாம எதுக்கு எழுதணும்?" உண்மைதான். பதினைந்து வயதில் ஒருநாள் இவர் விளையாட்டாகத் தளைநாரை மாட்டிக்கொண்டு அடிமரத்தில் நின்றபோது, தகப்பனார் ஓடிவந்து நாரைப் பிடுங்கி விடிலி அடுப்பில் போட்டார். புது நார் அது. எரியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாராம். அவருடைய தகப்பனார் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்று, இரண்டு ஆண்டுகள் கட்டிலில் கிடந்து இறந்தவர். அதனால்தான் இவர் 13 வயதில் மூன்றாம் வகுப்போடு ஏற வந்தார், விரும்பி வரவில்லை. ஆகவே 'உழைப்பையே உயிராகக் கொண்டவர்' என்று எழுதுவதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது அழகான சொற்றொடர். அவரைப் பற்றிய உண்மை அல்ல. பருவத்துக்கு முன்பே முன்பணம் வாங்கி, விலையை வியாபாரி அன்றைக்கே முடிவு செய்துவிட, கருப்பட்டி விலை ஏறும் மாதத்தில் கையில் கட்டி இல்லாமல் வாழ்ந்தவர் அவர். மகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்த ஆண்டில் இரட்டிப்பு முன்பணம் வாங்கினார். அடுத்த இரண்டு பருவங்கள் அவர் ஏறியது முழுவதும் அந்தக் கடனுக்கே. மகளுக்கு இது தெரியாது. அடக்கத்துக்கு வந்தபோது தாயார் சொல்லித்தான் தெரிந்தது. அவர் சமையலறையில் போய் நெடுநேரம் நின்றதைப் பார்த்தேன்.

ஆனால் பிள்ளைகள் ஏறக் கூடாது என்று அவர் நினைத்ததும், தாம் ஏறியதற்காக வெட்கப்பட்டதும் ஒன்றாகுமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஏறுவதை நிறுத்திப் பதினேழு ஆண்டுகள் ஆன பிறகும் அவருடைய பாளை அரிவாள் துருப்பிடிக்காமல் உத்தரத்தில் தொங்குகிறது. மாதம் ஒருமுறை எடுத்து எண்ணெய் தடவுவார் என்று பேரன் சொன்னான். வெறுத்த கருவியை ஒருவர் இப்படிப் பேணமாட்டார். அந்த வேலையின் ஆபத்தையும் வறுமையையும் அவர் வெறுத்தார். அதிலிருந்த தம் கைத்திறனை அவர் அறிந்திருந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கு வாழ்க்கைக் குறிப்பில் இடம் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் பருவ மாதங்களில் ஆராதனைக்குத் தாமதமாக வருவார் என்றும், சில வாரங்கள் வருவதே இல்லை என்றும் பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் இச்சேகரத்தில் உதவி குருவாக இருந்த காலத்திலேயே இந்தப் பேச்சு உண்டு. அவரிடம் நான் கேட்டபோது, "பனைக்கு ஞாயித்துக்கிழம தெரியாதே, ஐயரே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அது சரியான இறையியல். ஓய்வுநாளில் ஆடு குழியில் விழுந்தால் தூக்கிவிடமாட்டீர்களா என்று கேட்டவர் நம் ஆண்டவர். மரம் விட்டு மரம் ஏறி முடித்து, விரலில் சுண்ணாம்பு காயாமல், இரண்டாம் பாடம் வாசிக்கும்போது கடைசிப் பாயில் வந்து உட்காரும் மனிதனைக் குறித்து அப்போதும் இப்போதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. பருவத்தின் முதல் கருப்பட்டிகளைப் பனையோலைப் பெட்டியில் வைத்து அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுவருவார். ஏலத்தில் அதை எடுத்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். விலையை ஏற்றிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தப் பெட்டிக்கு எத்தனை ஏற்றம் என்று நம்மில் யாரும் அன்று எண்ணவில்லை.

அவர் கோபக்காரர் என்பதையும் மறைக்கப்போவதில்லை. ஏழு ஆண்டு பேசாதிருந்தவர். வியாபாரியின் கடை வாசலில் தராசைத் தூக்கி எறிந்தவர். இளைய மகன் கணக்கில் தவறியபோது இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்தவர். அதே மனிதர், மாலையில் கடைசி மரத்துப் பதநீரைத் தனியே கொண்டுவந்து, ஓலையைப் பட்டையாக மடித்து, பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து ஊற்றுவார். தாயார் பாகில் சுக்கு தட்டிப்போட்டுச் சில்லுக்கருப்பட்டி ஊற்றும் நாளில், தம் பங்கை வேட்டி மடியில் முடிந்துவைத்து மறுநாள் பள்ளிக்குப் போகும் மகளிடம் கொடுப்பார். "ஐயாவுக்கு இனிப்பு பிடிக்காதுன்னே ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன்" என்றார் மகள். கோபத்தையும் அந்த மடி முடிச்சையும் ஒரே பக்கத்தில் எழுதலாம். வேதாகமம் தாவீதுக்கும் பேதுருவுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஆமோசின் புத்தகத்தில், பெத்தேலின் ஆசாரியன் அந்தத் தீர்க்கதரிசியைத் துரத்தப் பார்க்கும்போது, தான் தீர்க்கதரிசியின் மகன் அல்ல, மாடு மேய்த்துக் காட்டத்திப் பழம் பார்த்துக்கொண்டிருந்தவன் என்று ஆமோஸ் பதில் சொல்கிறார். அரசனுடைய ஆலயத்தில், அரசனுடைய ஆசாரியன் முன்னால் நின்று தன் தொழிலைச் சொல்கிறார். அவரும் மரங்களோடு வாழ்ந்தவர். அத்திக்கும் பனைக்கும் தூரம் அதிகம் என்றாலும், அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் கண்ணுக்கு ஒரு பனையேறிதான் தெரிகிறார்.

நம் சபையின் அடக்கப் பதிவேட்டில் 'தொழில்' என்றொரு பத்தி உண்டு. பழைய பக்கங்களில் 'பனையேற்று' என்று உபதேசியார் கையெழுத்தில் வரிசையாக இருக்கிறது. பின்னாளில் அது குறைந்து 'விவசாயம்', 'கூலி', பிறகு வெறும் கோடு. இந்தத் தகப்பனாரின் வரிசையில் என்ன எழுதுவது என்று மகனிடமே கேட்டேன். அவர் பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பி, பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். தம் பாட்டனாரின் பெயர் இருந்த பக்கத்தில் சற்று நின்றார். பிறகு, "பனையேற்றுன்னே போடுங்க" என்றார். போட்டேன்.

அடுத்த மாதம் நடைபெறும் நினைவு ஆராதனைக்குப் பிள்ளைகள் குறிப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மரங்களின் எண்ணிக்கையில் மகனுக்கும் மகளுக்கும் வாக்குவாதம். ஒருவர் 34 என்கிறார், ஒருவர் 36 என்கிறார். தாயாரைக் கேட்டு முடிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு குறிப்பு எழுத நினைத்தால் காலம் தாழ்த்தாதீர்கள். விடிலியில் நின்று கருப்பட்டி காய்ச்சிய பாட்டிமார் நம் சேகரத்தில் எனக்குத் தெரிந்து ஒன்பது பேர் இருக்கிறார்கள். மரம் ஏறிய பெரியவர்கள் நால்வர். எத்தனை மரம், யாருடைய பாட்டம், எந்த வியாபாரி, எந்தப் பருவத்தில் யார் விழுந்தார், யாருடைய மரத்தை யார் ஏறிக்கொடுத்தார் என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்; அதற்கு முன் போனால் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.